மருத்துவக் கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவரும் நம் கடனும்

ஒரு கல்லூரியின் பெருமையை அதன் கட்டடங்களைக் கொண்டு அளப்பார் உளர். விளையாட்டரங்கிற் பெற்ற கேடயங்களைக் கொண்டு அளப்பாரும் உளர். யாழ்ப்பாணத்திலோ மற்றோர் அளவுகோல் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில், "இம்முறை எத்தனை பேர் மெடிசின்?" என்னும் வினாவே சந்தியிலும் சந்தையிலும் கோயில் வீதியிலும் முதலில் எழுகின்றது. அவ்வினாவிற்கு விடையாக அமைந்த சிலரைப் போற்றுகின்றோம். அவ்விடையில் இடம்பெறாத பலரைப் பற்றிப் பேசுவார் இலர். கல்லூரி அன்னையின் விழாக் காலத்தில் அப்பலரை மனத்திற் கொண்டு சில சொல்ல விழைகின்றோம்.

மருத்துவக் கல்வியில் எம்மவர்க்குள்ள வேட்கை நேற்றுத் தோன்றியதன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். 1870இற் கொழும்பில் மருத்துவப் பாடசாலை நிறுவப்பட்டது. 1962இற் பேராதனையில் இரண்டாம் மருத்துவ பீடமும், 1978இல் யாழ்ப்பாணத்தில் நமக்கு அண்மையிலேயே ஒரு பீடமும் எழுந்தன. இன்று நாட்டிற் பத்துக்கு மேற்பட்ட அரச மருத்துவ பீடங்கள் உள்ளன. பீடங்கள் பெருகியும் பெற்றோரின் அச்சம் குறைந்ததாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் இடங்களின் குறைவு மாத்திரம் அன்று. தெரிவு எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் பலர் அறியாதிருத்தலும் ஒரு காரணம் என்பதே எமது கருத்து.

1970களின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட மொழிவாரித் தரப்படுத்தல் எமது மாணவர்க்கு விளைத்த இடரை மூத்தோர் மறவார். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் அதனோடு சேர்ந்தது. பின்னர் முறைகள் பலவாறு மாறின. 2001 முதல் இசட் புள்ளி என்னும் அளவை வழக்கிற்கு வந்தது. இன்று மருத்துவம் போன்ற துறைகளின் இடங்களில் நூற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை ஒழுங்கிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வி வசதி குறைந்தனவெனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இம்முறை நன்றோ தீதோ என்பது வேறு வழக்கு. ஆட்டத்தின் விதியை அறியாது ஆடுபவன் தன் திறமைக்குரிய பயனை இழக்கின்றான் என்பதே ஈண்டு நாம் வற்புறுத்த விரும்புவது.

இவ்விதியிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. நாடு முழுவதிலும் முதன்மை பெற்ற மாணவர் திறமை ஒழுங்கிற் செல்வர். அவ்வரிசைக்கு எட்டாத மாணவனுக்கோ கொழும்பு மாணவனும் காலி மாணவனும் போட்டியாளர் அல்லர். அவனோடு ஒரே வீதியிற் சைக்கிளில் ரியூட்டரிக்குச் செல்பவனே போட்டியாளன். ஆதலின், பெறுபேற்றுத் தாளிற் காணப்படும் மூன்று எண்களுள், அதாவது இசட் புள்ளி, அகில இலங்கை நிலை, மாவட்ட நிலை என்பவற்றுள், இறுதியில் உள்ள மாவட்ட நிலையே பெரும்பாலோர்க்கு உண்மையை உரைப்பது. முந்திய ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் எத்தனையாம் நிலையினர் வரை மருத்துவம் புகுந்தனர் என்பதை அறிந்தவன், தன் வாய்ப்பை ஓரளவு கணிக்கலாம். மூன்று பாடத்திலும் ஏ என்றோ, இரண்டு ஏ ஒரு பி என்றோ எழுத்துக்களை எண்ணிக்கொண்டிருப்பவன் அதனைக் கணித்தல் இயலாது.

இசட் புள்ளி என்பது யாதென விளக்குதலும் வேண்டும். ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுக்க வருவதே அது. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு அவற்றின் சராசரியை எடுப்பர். விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். உயிரியலில் ஒருவன் 70 புள்ளி பெற, சராசரி 45 ஆகவும் நியம விலகல் 18 ஆகவும் இருப்பின், அவனுக்கு வருவது 1.39. பௌதிகவியலில் அவன் பெற்றது 65 மாத்திரமே. ஆயின் அங்கே சராசரி 38, விலகல் 15 எனின், வருவது 1.80. இரசாயனவியலில் 72 பெற்றும், சராசரி 52, விலகல் 16 எனின், கிடைப்பது 1.25. மூன்றின் சராசரி 1.48. மிகக் குறைந்த புள்ளி பெற்ற பாடமே அவனை மிக உயர்த்தியமை காண்க. எல்லாரும் அஞ்சும் பாடத்திற் சற்று முன்னேறுதல், எல்லாரும் வல்ல பாடத்தில் மேலும் சில புள்ளி சேர்த்தலிலும் பயனுடையதாகலாம் என்பது இதனாற் போதரும். ரியூட்டரி விளம்பரங்களை நோக்கிப் பாடநேரத்தைப் பங்கிடும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.

முன்னைய ஆண்டின் வெட்டுப்புள்ளி இவ்வாண்டிற்கும் அப்படியே பொருந்தும் என்று நம்புதல் தவறு. வெட்டுப்புள்ளி முன்னரே நாட்டப்பட்ட மதிற்சுவர் அன்று. தெரிவு முடிந்தபின், இறுதியாக இடம்பெற்றவன் நின்ற இடமே வெட்டுப்புள்ளி எனப்படுகின்றது. சேர்க்கப்படுவோர் தொகை கூடினும் குறையினும், வல்ல மாணவர் ஓராண்டில் மிகுந்து தோற்றினும், அது நகரும். இடம் பெற்றவருட் சிலர் பதிவு செய்யாதுவிட, வெற்றிடம் நிரப்பும்போது சிறிது தாழ்தலும் உண்டு. ஆகவே ஓராண்டின் எண்ணை மட்டும் பற்றிக்கொள்ளாது, நாலைந்து ஆண்டுகளின் எண்களை ஒருங்கு வைத்து நோக்குதல் தக்கது. அவ்வெண்கள் எல்லாவற்றிற்கும் மேலே நிற்பவன் அமைதியாக இருக்கலாம். இடையே நிற்பவன் இரண்டிற்கும் ஆயத்தமாதல் வேண்டும். யாவற்றிற்கும் வெகு கீழே நிற்பவனுக்கு வீண் ஆறுதல் கூறுதல் அன்பாகாது.

இனி விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு குறிக்கும் முறைக்கு வருவோம். பரீட்சை எழுதி முடிந்தபின் மாணவன் கையில் எஞ்சியிருப்பது இஃதொன்றே. எனினும் இதனையே அயலார் சொற்கேட்டு அச்சத்தோடு நிரப்புவார் பலர். "கிடைக்காததை முதலில் எழுதினால் கிடைப்பதும் போய்விடும்" என்பது ஊரில் உலவும் ஒரு கூற்று. இது பிழை. மாணவன் குறித்த ஒழுங்கில், அவனது புள்ளிக்கு எட்டும் முதலாவது துறையே அவனுக்கு வழங்கப்படும். எட்டாத ஒன்றை மேலே எழுதியமையால் அடுத்துள்ளதற்கு ஊறு நேர்வதில்லை. ஆயின் எழுதாது விட்டது ஒருபோதும் கிடையாது. எனவே ஊர் மதிப்பை நோக்காது, உண்மையான விருப்பம் எதுவோ அவ்வொழுங்கில் நிரப்புதலும், கீழே போதிய துறைகளைச் சேர்த்துக்கொள்ளுதலுமே அறிவுடைமை. எங்காயினும் மருத்துவமே வேண்டும் என்பவன் எல்லா மருத்துவ பீடங்களையும் எழுதிய பின்னரே பிறவற்றை எழுதுக. மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலைத் தந்தையும் மைந்தனும் ஒருங்கிருந்து ஒரு முறையாவது முழுவதும் வாசித்தல் வேண்டும். பாடசாலை மாற எண்ணுவோர், எம்மாவட்டத்தவராகத் தாம் கொள்ளப்படுவர் என்பதை அந்நூலிற் கண்டபின்னரே மாறுக.

பீடங்களுள் எதனை முன் வைப்பது? கொழும்பின் பழம்புகழ் பலரை ஈர்க்கின்றது, அஃது இயல்பே. ஆயினும் எந்த அரச பீடத்திற் கற்பினும் போதனை ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. ஐந்தாண்டுப் படிப்பின்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும், இலங்கை மருத்துவ சபையின் பதிவும் யாவர்க்கும் ஒன்றே. நோயாளியின் கட்டிலருகே எவ்வளவு கற்க இயலும், விடுதிச் செலவைக் குடும்பம் தாங்குமா என்பன பெயரினும் முக்கியமானவை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பயில்பவன் தன் மொழியிலேயே நோயாளியின் துன்பத்தைக் கேட்டறிவான். காலியிலோ அநுராதபுரத்திலோ பயில்பவன் சிங்களத்தை நன்கு கற்று, நாட்டின் எப்பகுதியிலும் பணிசெய்யும் வன்மை பெறுவான். இரண்டும் நன்மையே. வீட்டுக்குத் தூரம் என்ற ஒரே காரணத்தால் ஒரு பீடத்தை எழுதாது விடுதல் மட்டும் நன்மையன்று.

மூன்றாம் தடவை தோற்றுவதைப் பற்றி வெளிப்படையாகக் கூறுதல் நம் கடமை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பது விதி. மூன்று தடவையும் தோற்றியே தீரவேண்டும் என்பது விதியன்று. முதன்முறை தவறியவன் இரண்டாம் முறை முயலுதல் பெரும்பாலும் நியாயமே. இரண்டாம் முறை எல்லைக்கு மிக அருகில் நின்றவனுக்கு மூன்றாம் முயற்சியும் பொருளுடையது. ஆனால் இரு முறையும் ஒரே தூரத்திற் பின்தங்கியவனை, பெற்றோரின் மானம் காக்கும் பொருட்டு மேலும் ஓராண்டு அதே வாங்கில் இருத்துதல் கொடுமை. பல் வைத்தியம், மிருக வைத்தியம், சித்த மருத்துவம், மருந்தகவியல், தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், விவசாயம் எனத் துறைகள் பல அவன்முன் உள. இவற்றை "கிடைக்காதவன் படிப்பு" என இகழும் நாவே, நோயுற்ற காலத்தில் மருந்தாளரையும் தாதியரையும் நாடுகின்றது.

வெளிநாட்டு மருத்துவக் கல்வியை நாடுவோரும் இக்காலத்திற் பலர். அதனை நாம் பழியோம். எனினும் காணியை ஈடு வைக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண்க. அப்பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றுள்ளதா? மாணவனின் உயர்தரப் பெறுபேறு அச்சபை வேண்டும் குறைந்த தகைமைக்கு உட்பட்டதா? மீண்டு வந்தபின் பதிவுக்கென இங்கு நடைபெறும் பரீட்சையைக் கடக்கும் ஆயத்தம் அவனுக்கு உண்டா? முகவரின் வாய்மொழியை விடையாகக் கொள்ளற்க. சபையிடம் நேரிற் கேட்டு அறிக.

முன்கூட்டியே நிலைமையை உரைத்தால் மாணவனின் ஊக்கம் குன்றும் எனச் சிலர் மறுப்பர். வழியின் தூரத்தை அறிந்தவன் அதற்கேற்ப நடையை வகுப்பான்; அறியாதவன் பாதி வழியில் இளைத்து வீழ்வான். ஊக்கத்தைக் கெடுப்பது உண்மையன்று. பெறுபேறு வந்த நாளில் வீடு முழுதும் எழும் அழுகுரலும், உறவினரின் விசாரிப்புமே ஊக்கத்தைக் கெடுப்பன. அந்நாளில் ஓர் இளைஞன் தன் உயிரே பயனற்றதென எண்ணும் நிலை வருமாயின், அவ்வீட்டின் மதிப்புக்களை நாம் மறுபடி ஆராய வேண்டியவராவோம்.

பழைய மாணவர் சங்கங்கள் இதன்கண் ஆற்றக்கூடிய பணி மூன்று. ஒன்று, உயிரியற் பிரிவிற் கற்று வெளியேறிய மாணவர் அனைவரது பெறுபேற்றையும், அவர் பின்னர்ப் புகுந்த துறையையும் பெயர் நீக்கி ஆண்டுதோறும் பதிந்து வைத்தல். வென்றவரின் பட்டியல் மட்டும் உள்ள கல்லூரி, பின்வரும் மாணவனுக்கு அவனது வாய்ப்பைக் கூறவியலாது. இரண்டு, பெறுபேறு வெளியானதற்கும் விண்ணப்பம் முடிவதற்கும் இடைப்பட்ட நாட்களில், பல துறைகளிலும் உள்ள பழைய மாணவர் கல்லூரி மண்டபத்தில் அமர்ந்து, வருவோர்க்கு விருப்ப ஒழுங்கு நிரப்ப உதவுதல். இதற்குப் பெருநிதி வேண்டா. சில மாலைப்பொழுதுகளே வேண்டும். மூன்று, தரம் 11 முடித்தவன் உயர்தரப் பிரிவைத் தெரியுமுன்னரே அவனோடும் அவன் பெற்றோரோடும் உரையாடுதல். கணிதத்திலோ வர்த்தகத்திலோ கலையிலோ உள்ளம் பதிந்த பிள்ளையை உயிரியல் வகுப்பில் இருத்தியபின் இசட் புள்ளியைக் கணித்து என் பயன்?

விழா மலர்களில் மருத்துவ பீடம் புகுந்தோரின் படங்கள் வரிசையாக வெளிவருதல் வழக்கம். அவர்தம் உழைப்பு அப்பெருமைக்கு உரியதே; அதனைக் குறைக்குமாறு நாம் கூறவில்லை. அவ்வரிசைக்கு அருகே ஆசிரியரும், விவசாயப் போதனாசிரியரும், ஆய்வுகூடத்தாரும், மருந்தாளரும் இடம்பெறட்டும் என்பதே எம் வேண்டுகோள். அங்ஙனம் ஆயின், மலரைப் புரட்டும் பத்தாம் வகுப்புச் சிறுவன் தான் செல்லத்தக்க வழிகள் பல என்பதைக் கண்ணாற் காண்பான். மருத்துவத்தை விரும்புவோன் கணக்கறிந்து துணிவோடு விரும்புக. விரும்பாதவன் வெட்கமின்றி வேறு வழி செல்க. இருவரையும் ஒரே முகத்தோடு வரவேற்கும் கல்லூரியாக நம் கல்லூரி மேலும் பல்லாண்டு விளங்குவதாக.