விமான டிக்கெட் ரத்து: பணமா, கிரெடிட்டா?

கல்யாணத் தேதி மாறிவிட்டது, குழந்தைக்குத் திடீர்க் காய்ச்சல்... எடுத்த விமான டிக்கெட்டை ரத்து செய்யும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். 'நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்தானே, என்ன வந்துவிடப்போகிறது' என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பணம் போகிறது.

இந்தியாவில் டி.ஜி.சி.ஏ விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. வரிகள், விமான நிலையப் பயனாளர் கட்டணம் போன்றவை சலுகை டிக்கெட்டாக இருந்தாலும் திரும்பக் கிடைக்க வேண்டும். பயணமே செய்யாமல் விட்டிருந்தாலும் இவற்றைக் கேட்கலாம். உதாரணமாக, 5,000 ரூபாய் டிக்கெட்டில் இவை 800 ரூபாய் என்றால், அந்த 800 ரூபாய் உங்களுடையது.

திரும்ப வரவேண்டிய பணத்தை 'கிரெடிட் ஷெல்' ஆக வைத்துக்கொள்வது பயணியின் விருப்பம். விமான நிறுவனம் தானாக அப்படி மாற்றிவிடக் கூடாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 நாள்களுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும்.

கிரெடிட்தான் வசதி என்றால், 'ஓகே' கொடுக்கும் முன் கவனியுங்கள்:

* காலாவதி தேதி என்ன?
* அதற்குள் டிக்கெட் எடுத்தால் போதுமா, பயணத்தையே முடிக்க வேண்டுமா?
* வீட்டில் வேறொருவர் பெயரில் பயன்படுத்தலாமா?
* புது டிக்கெட் விலை குறைவு என்றால், மீதித் தொகை என்னவாகும்?

பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். மொபைலில் காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டலும் வையுங்கள். பணம் வராவிட்டால், மத்திய அரசின் 'ஏர் சேவா' தளத்தில் புகார் செய்யலாம்.