சில மணி நேரக் கொழும்பும் முசாஃபிரின் கடமையும்



2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கப்பட்டது. கொழும்பில் சில மணி நேரம் தரித்துச் செல்லும் கப்பல்களும் பல உண்டு. கோவையிலிருந்து குடும்பத்தோடு கடற்பயணம் செல்ல எண்ணுவோர் நம்மிடம் கேட்பது ஒன்றே: "காலையில் இறங்கி மாலையில் ஏறிவிட வேண்டும், இதற்கிடையில் தொழுகைக்கு நேரமேது?"

மார்க்கம் இதற்கு இலகுவான வழியைத் தந்திருக்கிறது. முசாஃபிருக்கு ளுஹர், அஸர், இஷா ஆகியவற்றின் நான்கு ரக்அத்கள் இரண்டாகின்றன. ஃபஜ்ரிலும் மக்ரிபிலும் மாற்றமில்லை. நம் கொங்குப் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். பயணத்தில் இரு வேளைத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவது அவர்களுக்கு உண்டு. ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா நீங்கலாக நமக்கு இல்லை. அங்கே அஸர் பாங்கும் நம்மூரைவிட முந்தியே ஒலிக்கும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் இரு பெரும் மாணவர்களின் கருத்தும் அந்த நேரத்திற்கு இசைந்ததே. எனவே தயங்காமல் ஜமாஅத்தில் சேரலாம் என்பதே நம் நிலைப்பாடு. ஆனால் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கு ரக்அத்களையும் நிறைவு செய்ய வேண்டும்.

துறைமுகத்திற்கு அருகிலேயே புறக்கோட்டைக் கடைத்தெரு இருக்கிறது. நம் ஒப்பணக்காரத் தெருவை நினைவூட்டும் அந்த நெரிசலில், இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்பும் வெள்ளையுமாய் நிற்பது ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் முன்னின்று 1908இல் பணி தொடங்கி 1909இல் முடித்தார்கள். சம்மாங்கோட்டுப் பள்ளி என்று இன்றும் தமிழில் வழங்குகிறது. தொழ இடமில்லை என்று கொழும்பில் எவரும் சொல்ல முடியாது. ஆனால் பலர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, சேலைக் கடைக்கும் மணிக்கல் கடைக்கும் போய்விடுகிறார்கள். நாம் வருந்துவது இதற்காகத்தான்.

தொழுகை மட்டுமன்று, அவ்வூர் மக்களுக்கும் நம்மீது உரிமை உண்டு. அதே துறைமுகத்தை ஒட்டிய கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 அன்று அங்கும் வேறு சில ஆலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதைச் செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள். அடுத்த மாதமே, குற்றமேதும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இந்த இரு துயரமும் நமக்கு அந்நியமானவை அல்ல. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்களை இழந்த ஊர் நம்முடையது. அதன்பின் கோட்டைமேடு என்று முகவரி சொன்னாலே ஐயத்தோடு பார்க்கப்பட்ட பிள்ளைகளை நாம் அறிவோம்.

ஆகவே அந்த ஆலய வாயிலைக் கடக்க நேர்ந்தால் சற்றே நின்று, அங்கிருப்போரிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசுங்கள். பள்ளிவாசலில் அருகில் அமர்ந்திருப்பவருக்கு ஸலாம் சொல்லி நலம் விசாரியுங்கள். அங்கும் பேச்சு தமிழே; பழக நேரம் அதிகம் பிடிக்காது. உயிரைக் காப்பதும் அண்டை வீட்டாரை மதிப்பதும் தொழுகையைப் போலவே மார்க்கம் என்பதை, துறைமுகத்தில் இறங்கும் முஸ்லிம் தன் நடத்தையால் காட்ட வேண்டும்.

நேரம் குறைந்தால் ரக்அத்தைப் போல் ஊர் சுற்றுவதையும் சுருக்கிக்கொள்ளலாம். கடமையை விட்டுவிடும் சலுகை எந்த முசாஃபிருக்கும் தரப்படவில்லை. வல்ல ரஹ்மான் நம் பயணங்களைப் பயனுள்ளவையாக ஆக்கியருள்வானாக, ஆமீன்.