குளியலறைத் திருத்தமும் நகரசபை அனுமதியும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்றனர் முன்னோர். கட்டிய வீட்டைத் திருத்துவதும் இலேசான காரியமன்று என்பதை விட்பியில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல அறியும். பழைய குளியலறையைப் புதுப்பிக்க முனையும்போது எழும் முதற் கேள்வி, "இதற்கும் பெர்மிட் வேண்டுமா?" என்பதாகும். "வீட்டுக்குள்ளே செய்கிற வேலைதானே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்பது பலர் கூறும் மறுமொழி. இம்மறுமொழி ஆபத்தானது.

எல்லாவற்றுக்கும் அனுமதி தேவை என்று அஞ்சவேண்டியதுமில்லை. தண்ணீர்க் குழாயின் திருகை மாற்றுதல், பழைய கொமட் இருந்த இடத்திலேயே புதியதை வைத்தல், ரைல் பதித்தல், வர்ணம் பூசுதல் ஆகியவற்றுக்குக் கட்டிட அனுமதி வேண்டியதில்லை. ஆனால் கொமட்டையோ குளியல் தொட்டியையோ வேறிடத்துக்கு நகர்த்தி வடிகுழாயை மாற்றினால், பாரந்தாங்கும் சுவரை அகற்றினால், நிலக்கீழ் அறையில் புதிதாகக் குளியலறை அமைத்தால், அனுமதி பெற்றே ஆகவேண்டும். இது ஒன்ராறியோவின் 1992ஆம் ஆண்டுக் கட்டிடச் சட்டத்தின் கீழுள்ள கடமை. விட்பியில் இவ்வனுமதியை வழங்குவது விட்பி நகரசபையே. புதிய மின்கம்பி இழுக்கும் வேலைக்கு, ஈ.எஸ்.ஏ. எனப்படும் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்குத் தனியாக அறிவிக்கவேண்டும். நகரசபையின் பெர்மிட் அதற்கு ஈடாகாது.

இவ்விதிகள் வீண் கெடுபிடி அல்ல. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழியைக் கிணற்றுக்கு அருகே வெட்டினால் குடிநீர் கெடும் என்பதை ஊரார் அறிவர். அதனாலேயே இரண்டுக்கும் இடைவெளி விட்டனர். இங்கே கிணறு இல்லை. ஆனால் அதே நியாயம் சுவருக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வடிகாலின் கீழும் வளைந்த குழாயில் நிற்கும் சிறிதளவு நீரே சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. காற்றுக்குழாய் சரியாக இணைக்கப்படாவிட்டால் அந்நீர் உறிஞ்சப்பட்டுப் போய்விடும். புதிய வடிகுழாய்க்காகத் தரையைத் தாங்கும் மரத்தைக் கண்டபடி வெட்டினால் தரை தாழும். ஈரக்காற்றை இழுக்கும் விசிறியின் குழாயை வெளியே விடாமல் கூரைக்கடியில் விட்டால், கனடாவின் குளிரில் அந்த ஈரம் உறைந்து, பின்னர் உருகி, மரத்தையும் கூரையையும் பழுதாக்கும். ரைல் பதித்து மூடிய பிறகு இவற்றில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மூடுமுன் பரிசோதகர் வந்து பார்ப்பதே பெர்மிட்டின் பயன்.

"பெர்மிட் எடுத்தால் காசும் நாளும் போகும், இல்லாமலே முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் கொந்தராத்துக்காரர் உண்டு. கட்டணமும் தாமதமும் உண்மைதான். எனினும் விண்ணப்பம் முழுமையாக இருந்தால் வீடொன்றுக்கு 10 வேலை நாட்களுக்குள் முடிவு கூறவேண்டும் என்பது விதி. அனுமதியின்றிச் செய்த வேலை தெரியவந்தால், மூடிய சுவரைத் திறந்து காட்டும்படி கட்டளையிடக் கட்டிட அதிகாரிக்கு அதிகாரமுண்டு. முதற் குற்றத்துக்கே தனிநபர் ஒருவருக்கு 50,000 டொலர் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. கொந்தராத்துக்காரர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞருக்கும், நீர்க்கசிவால் சேதம் வந்தால் காப்புறுதிக் கொம்பனிக்கும் பதில் சொல்லவேண்டியவர் வீட்டுக்காரரே.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் இரண்டு காரியங்களைச் செய்வது நன்று. குழாய், மின்கம்பி, சுவர் ஆகியவற்றில் எது இடம் மாறுகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். பின்னர் அத்தாளுடன் நகரசபையின் கட்டிடப் பகுதியிடம் நேரிலோ தொலைபேசியிலோ விசாரிக்கவேண்டும். பெர்மிட் தேவையில்லை என்ற பதில் வந்தால் மனம் நிம்மதியாகும். தேவை என்று வந்தால், அதை எடுக்க மறுக்கும் கொந்தராத்துக்காரரிடம் வேலையை ஒப்படைக்காமல் விடுவதே புத்தி. பல ஆண்டுகள் உழைத்து, கடன்பட்டு வாங்கிய வீட்டில், பிள்ளைகள் உறங்கும் அறைக்குப் பக்கத்துச் சுவர் இது.