ஊட்டுவது எது? அடைவது யார்?

மனத்தில் தோன்றும் உணர்வைத் தக்க சொல்லால் பிறருக்கு உணர்த்துவது மொழியின் முதன்மையான பயன்களுள் ஒன்றாகும். தாய்மொழியில் இத்திறன் இயல்பாகவே வாய்த்துவிடுகிறது. பிறகு கற்கும் மொழியிலோ அதை முயன்றுதான் பெற வேண்டும். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரத் தோட்டங்களிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் மாணவர் பலர், ஆங்கிலத்தில் உணர்வைச் சொல்ல நேரும்போது ‘ஹேப்பி’, ‘சேட்’, ‘ஆங்ரி’ என்னும் மூன்று சொற்களோடு நின்றுவிடுகின்றனர்.

அவற்றைத் தாண்டிச் செல்ல முயல்பவர்கள் ஒரு பள்ளத்தில் தடுக்கி விழுகின்றனர். ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்று சொல்ல எண்ணிய மாணவன், ‘ஐ ஏம் போரிங்’ என்கிறான். அதன் பொருளோ ‘நான் பிறருக்குச் சலிப்பூட்டுபவன்’ என்பதாகும். சலிப்படைந்தவன் தன்னை ‘போர்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். வகுப்பில் சிரிப்பொலி எழுகிறது. சிரிப்புக்கு ஆளானவன் மறுமுறை வாய் திறக்கத் தயங்குகிறான்.

இச்சிக்கல் தேர்வில் ஒரு புள்ளியை இழப்பதோடு முடிவதில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வில் ‘இப்பணியில் எனக்கு ஆர்வம் உண்டு’ என்று சொல்ல விரும்பும் இளைஞர், ‘இன்ட்ரஸ்ட்டட்’ என்பதற்குப் பதிலாக ‘இன்ட்ரஸ்ட்டிங்’ என்றால், தம்மைத் தாமே புகழ்ந்துகொண்டவர் ஆகிறார். தம் அச்சத்தையும் கவலையையும் சொல்லச் சொல்லின்றி மௌனமாகிவிடும் மாணவரின் நிலை அதனினும் வருந்தத்தக்கது. ஆகவே, உணர்வைக் குறிக்கும் இவ்வகைப் பெயரடைகளைக் கற்பிக்கும் முறையைச் சீர்செய்வது அவசியமாகும். அதற்குரிய கருவிகள் மாணவர் ஏற்கெனவே அறிந்த தமிழிலும் மலாய்மொழியிலும் இருக்கின்றன.

முதலில் பிழை பிறக்கும் இடத்தை அறிய வேண்டும். 1967-ஆம் ஆண்டில் பிட் கோர்டர் என்னும் மொழியியலறிஞர், கற்போர் செய்யும் பிழைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிழை என்பது வெறும் குறைபாடன்று. கற்பவரின் மனத்தில் மொழி எவ்வாறு உருவாகி வருகிறது என்பதைக் காட்டும் சான்று என்பது அவர் கருத்தின் சாரம். ‘ஐ ஏம் போரிங்’ என்னும் வாக்கியமும் அத்தகைய சான்றுதான்.

தமிழில் ‘பாடம் சலிப்பாக இருக்கிறது’ என்றும் சொல்கிறோம். ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்றும் சொல்கிறோம். இரண்டு வாக்கியங்களிலும் ‘சலிப்பாக இருக்கிறது’ என்னும் பகுதி மாறவில்லை. சலிப்பைத் தருவது பாடம், பெறுவது நான் என்பதை நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ காட்டிவிடுகிறது. அன்றாடப் பேச்சிலும் இதே நிலைதான். ‘படம் போர் அடிக்குது’, ‘எனக்குப் போர் அடிக்குது’ என இரண்டிற்கும் ஒரே தொடர் பயன்படுகிறது.

ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. அங்கே ‘எனக்கு’ என்பது ‘நான்’ என எழுவாயாக மாறி முன்னே வந்து நிற்கிறது. உணர்வைத் தருவதும் எழுவாய், பெறுவதும் எழுவாய். எனவே, வேறுபாட்டைக் காட்டும் பொறுப்பு பெயரடையின் ஈற்றின்மேல் விழுகிறது. தருவதற்கு ‘இங்’ ஈறும், பெறுவதற்கு ‘எட்’ ஈறும் வருகின்றன. தமிழில் ‘கு’ செய்த வேலையை ஆங்கிலத்தில் இந்த ஈறுகள் செய்கின்றன. இந்த ஒரு விளக்கம் கிடைக்காத மாணவர், எத்தனை பயிற்சித் தாள்களைச் செய்தாலும் ஊகித்தே விடை எழுதுவார்.

ஒலிப்பும் ஒரு தடைதான். ‘இங்’ முழு அசையாகத் தெளிவாகக் காதில் விழுகிறது. ‘எட்’ என்று எழுதப்படும் ஈறோ பல சொற்களில் ‘ட்’ என்னும் சிறிய ஒலியாகத் தேய்ந்துவிடுகிறது. காதில் நன்கு விழுந்த வடிவமே நாவிலும் முதலில் வருவது இயல்பு.

பள்ளிகளில் பரவலாகச் சொல்லித்தரப்படும் ஒரு சூத்திரம் உண்டு. மனிதருக்கு ‘எட்’, பொருளுக்கு ‘இங்’ என்பதே அது. நினைவில் வைக்க எளிதாக இருப்பதால் இது விரும்பப்படுகிறது. ஆனால், இது பாதி உண்மையே. கேட்போரைக் கொட்டாவி விட வைக்கும் பேச்சாளரை ‘போரிங்’ என்றுதான் சொல்ல வேண்டும், அவரும் மனிதர்தாமே! கவலை தோய்ந்த முகத்தை ‘வொரிட்’ என்னும் சொல்லால் குறிப்பதும் உண்டு, முகம் மனிதரன்று. ஆகவே, ‘மனிதரா, பொருளா?’ என்று கேட்பது மாணவரை வழிதவறச் செய்யும். ‘உணர்வை ஊட்டுவது எது? அடைவது யார்?’ என்பதே சரியான வினாவாகும்.

இந்த வினாவுக்குரிய விடை தமிழ் இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது. குழந்தை சோறு உண்டது. தாய் சோறு ஊட்டினாள். உண்ணுதல் தன்வினை, ஊட்டுதல் பிறவினை. அதே ‘ஊட்டு’ என்னும் சொல் உணர்வுகளோடும் சேர்கிறது. சலிப்பூட்டும் பாடம், சலிப்படைந்த மாணவன். வியப்பூட்டும் காட்சி, வியப்படைந்த பயணி. அச்சமூட்டும் பாம்பு, அச்சமடைந்த சிறுமி. களைப்பூட்டும் வேலை, களைப்படைந்த தொழிலாளி. இவை யாவும் பெயரெச்சத் தொடர்கள். ‘ஊட்டும்’ என்று வருமிடத்தில் ஆங்கிலத்தில் ‘இங்’ வரும். ‘அடைந்த’ என்று வருமிடத்தில் ‘எட்’ வரும். ‘எக்சைட்டிங்’, ‘எக்சைட்டட்’ என்னும் இரண்டில் எதை எழுதுவது என்று திகைக்கும் மாணவர், ‘கிளர்ச்சியூட்டும் ஆட்டமா, கிளர்ச்சியடைந்த கூட்டமா?’ என்று தமக்குள் கேட்டுக்கொண்டால் விடை தானே புலப்படும்.

உணர்வையும் அதன் காரணத்தையும் பிரித்துப் பார்ப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நந்நான்கு காரணங்களைக் கூறுகிறது. அச்சம் என்பது ஒருவருக்குள் தோன்றும் உணர்வு. அதைத் தோற்றுவிப்பவை தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என அந்நூல் வேறாக எண்ணிக் காட்டுகிறது. அச்சமடைபவர் ஒருபுறம், அச்சமூட்டுவது மறுபுறம் என்னும் இப்பகுப்பே ஆங்கிலப் பெயரடைகளுக்கும் அடிப்படையாகும்.

மலாய்மொழி தரும் துணை இன்னும் நேரடியானது. ‘சாயா போசான்’ என்றால் ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்று பொருள். கதை சலிப்பூட்டினால் அது ‘மெம்போசான்கான்’ ஆகிறது. அஞ்சியவர் ‘தாக்குட்’, அஞ்சவைப்பது ‘மெனாக்குட்கான்’. வேர்ச்சொல் தனித்து நின்றால் உணர்வை அடைந்தவர். முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்தால் உணர்வை ஊட்டுவது. மேலும், ஆங்கிலத்தைப் போலவே மலாயிலும் உணர்வைப் பெறுபவர் எழுவாயாகவே நிற்கிறார். ‘சாயா மெம்போசான்கான்’ என்று தவறிச் சொல்லாத மாணவர், ‘ஐ ஏம் போரிங்’ என்றும் சொல்லத் தேவையில்லை. எல்லாச் சொற்களும் இதே வாய்பாட்டில் அமைவதில்லை என்பது உண்மையே. ஆர்வமூட்டுவது ‘மெனாரிக்’, ஆர்வம் கொண்டவர் ‘தெர்தாரிக்’ என வேறு ஒட்டுகளும் உண்டு. ஆயினும், ஊட்டுவதற்கு ஒரு வடிவம், அடைவதற்கு மற்றொரு வடிவம் என்னும் அடிப்படை மாறுவதில்லை.

ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்று வாதிடுவோர் உள்ளனர். பள்ளிக்கு வெளியே ஆங்கிலம் கேட்க வாய்ப்புக் குறைந்த தோட்டப்புற மாணவருக்கு வகுப்பு நேரம் அரியது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், தாய்மொழியை வகுப்பிலிருந்து விலக்கிவிட்டால் அது மாணவர் மனத்திலிருந்து விலகிவிடாது. ‘எனக்கு’ என்னும் சொல் உள்ளே இருந்துகொண்டு, எவரும் காணாமல் பிழையைத் தோற்றுவித்துக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிட ஒப்பீட்டால் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், எஞ்சிய நேரம் முழுவதையும் ஆங்கிலப் பேச்சுக்கே ஒதுக்கலாம். ஆங்கில ஆசிரியருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தடையில்லை. பல இன மாணவரும் பயிலும் இடைநிலைப்பள்ளியில் மலாய் எல்லாருக்கும் பொதுவான பாலமாக அமையும். தன்வினை, பிறவினை, பெயரெச்சம் ஆகியவற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர் தம் பாடத்திலேயே இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டலாம்.

விளக்கம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். பயிற்சி மாணவரின் வாழ்விடத்திலிருந்து பிறந்தால் சொற்கள் மனத்தில் நிலைக்கும். இவ்வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் இரவில் மின்மினிகள் மின்னுகின்றன. அவை ‘அமேசிங்’, படகிலிருந்து பார்ப்பவர் ‘அமேஸ்ட்’. பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டில் முதன்முதலாகச் செம்பனை வணிக நோக்கில் பயிரிடப்பட்டது. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் உயரத்திலுள்ள குலைகளை அறுத்து வீழ்த்துவது கடும் உழைப்பைக் கோரும் வேலையே. அவ்வேலை ‘டயரிங்’, வீடு திரும்பும் தொழிலாளி ‘டயர்ட்’. மாணவர் ஒவ்வொருவரும் ஊட்டுவதைப் பற்றி ஒரு வாக்கியம், அடைந்தவரைப் பற்றி ஒரு வாக்கியம், காரணத்தைச் சொல்லும் ஒரு வாக்கியம் என மூன்று வாக்கியங்களைப் பேசிப் பழகினால், வெறும் சொற்பட்டியலை மனனம் செய்வதைவிட அதிகப் பயன் விளையும்.

மும்மொழிச் சூழலில் வளர்வது சுமை என்று எண்ணும் பெற்றோரும் மாணவரும் இருக்கின்றனர். மூன்று மொழிகளும் ஒன்றையொன்று பாராமல் தனித்தனி அறைகளில் அடைபட்டுக் கிடந்தால் அது சுமைதான். ஒன்று மற்றொன்றுக்கு விளக்கு ஏற்றினால் அதுவே வளமாகும். ‘உண்’, ‘ஊட்டு’ என்னும் இரண்டு எளிய தமிழ்ச் சொற்களும், ‘போசான்’, ‘மெம்போசான்கான்’ என்னும் இரண்டு மலாய்ச் சொற்களும் அறிந்த மாணவர், ஆங்கிலப் பெயரடைகளின் வாசலில் வெறுங்கையோடு நிற்கவில்லை. அவர் கையில் இருக்கும் திறவுகோலை அவருக்குச் சுட்டிக்காட்டுவதே ஆசிரியரின் பணி. தம் உணர்வைத் தயக்கமின்றி, பொருள் பிறழாமல் சொல்லத் தெரிந்த மாணவரை எவரும் எளிதில் நகைத்து அடக்கிவிட முடியாது.