நிமிர்வும் மூச்சும்

"நிமிர்ந்து உட்கார்" என்னும் சொல் ஒலிக்காத இல்லம் அரிது. குழந்தையும் உடனே நிமிர்கிறது. சற்று நேரத்தில் தோள்கள் முன்சாய்ந்து மேல்முதுகு மீண்டும் வளைகிறது. இதைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் பெற்றோர் கடிந்துகொள்கின்றனர். பெரும்பாலும் அது இரண்டுமன்று. உடலை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் களைத்துவிடுகின்றன.

மேல்முதுகில் ஓரளவு வளைவு எல்லோர்க்கும் இயல்பு. சுமார் 20 முதல் 40 பாகை வரை அது இருக்கலாம். அதற்குமேல் கூனாமல் காப்பதில் நடுவுடல் தசைகளுக்குப் பெரும் பங்குண்டு. முன்னும் பக்கங்களிலும் வயிற்றுத் தசைகள், பின்னே முதுகெலும்பை ஒட்டிய தசைகள், அடியில் இடுப்புத்தளத் தசைகள், மேலே கூரைபோல் உதரவிதானம். பெருஞ்சுமையைத் தூக்கும் வலிமையைவிட, சிறு முயற்சியை நெடுநேரம் தளராமல் தாங்கும் திறனே இவற்றுக்கு வேண்டுவது.

இவற்றுள் உதரவிதானம் இரு கடமைகளை உடையது. மூச்சை இழுப்பதும் அதுவே. நடுவுடலுக்கு உறுதி தருவதும் அதுவே. கூனி அமர்கையில் விலா எலும்புகள் நெருங்குகின்றன. வயிறு மடிந்து அழுந்துவதால் உதரவிதானம் கீழிறங்க இடம் குறைகிறது. மூச்சு மேலோட்டமாகிறது. ஆகவே நிமிர்வையும் மூச்சையும் சேர்த்தே பழக்குதல் வேண்டும்.

முதற்பயிற்சி: குழந்தை மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, கைகளைக் கீழ்விலாக்களின்மேல் வைக்கட்டும். மூக்கின் வழியே மூச்சை இழுக்கையில் விலாக்கள் பக்கவாட்டில் விரிவதைக் கைகளால் உணர்ந்து, மெல்ல வெளிவிட வேண்டும்.

அடுத்தது: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டி, 5 முதல் 10 நொடிகள் நிற்றல், பின்பு பக்கம் மாற்றுதல். இடுப்பு தொய்யலாகாது.

மூன்றாவது: குப்புறப் படுத்து, கைகளை உடலோரம் வைத்து, தோள்பட்டைகளைப் பின்னோக்கிச் சேர்த்து மார்பைச் சிறிதே உயர்த்துதல்.

நிலையில் நிற்கும்போது மூச்சை அடக்குவது குழந்தைகளின் வழக்கம். எண்களை உரக்கச் சொல்லச் செய்தால் மூச்சு தானே ஓடும். குரல் திணறினால் அன்றைய அளவு அதுவே, அங்கே நிறுத்திவிடலாம். நொடிகளைக் கூட்டுவதைவிட, சிறு நிலைகளைப் பலமுறை செய்வதே நன்று. நாள்தோறும் சில நிமிடங்கள் போதும். வலி தோன்றினால் தொடரலாகாது.

எல்லாக் கூனும் தசைத் தளர்ச்சியால் வருவதன்று. வளரிளம் பருவத்தில் முள்ளெலும்புகளே ஆப்பு வடிவில் வளர்வதுண்டு. டென்மார்க் மருத்துவர் ஷாயர்மன் 1920-ஆம் ஆண்டு இதனை விவரித்தார். படுத்தாலும் நிமிர்ந்தாலும் வளைவு நேராகாமை, முன்குனிகையில் முதுகு ஒரே இடத்தில் கூர்மையாக மேடிடுதல், தொடர்ந்த வலி ஆகியவை இருப்பின், பயிற்சியை நம்பிக் காலந்தாழ்த்தாமல் எலும்பு மருத்துவரை நாடுதல் வேண்டும். எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் காலமே சிகிச்சைக்கு உரிய காலம்.

படுத்தால் நேராகிவிடும் முதுகு, பழக்கத்தால் திருந்தக்கூடியது. அக்குழந்தையைப் பிறர் முன் "கூனல்" என்று அழைப்பதால் தோள்கள் இன்னும் ஒடுங்குமேயன்றி நிமிரா. அந்த ஐந்து நிமிடம் பெற்றோரும் உடன் அமர்ந்து பழகுவதே பயன் தரும்.