ஆழ்கடலில் அகப்பட்டோரும் கரையிலுள்ளோர் கடமையும்

2021 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள், பாலித் தீவுக்கு வடக்கே இந்தோனீசியாவின் 'நங்கலா' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் 53 பேரோடு அமிழ்ந்து போயிற்று. மின்சாரம் அற்றுப்போனால் 72 மணி நேரத்துக்கே பிராணவாயு போதும் என்று அந்நாட்டுக் கடற்படை அறிவித்தது. மறுநாளே விசாகபட்டினத்திலிருந்து இந்தியா தன் மீட்புக் கலத்தை அனுப்பியது. ஆயின் அது கடக்கவேண்டியிருந்ததோ பல நாட் பயணம். நீர்மூழ்கி கிடந்த ஆழமோ 800 மீற்றருக்கும் மேல். அவ்வாழத்தின் அழுத்தத்தைத் தாங்கமாட்டாது அது முன்னரே உடைந்து சிதறியிருந்தது. ஒருவரும் மீளவில்லை.

நீர்மூழ்கி ஒன்றேனும் இல்லாத இந்நாட்டில், வன்னி மண்ணிலே நெல் விதைப்போரும் வலை வீசுவோரும் இதனைப்பற்றி எண்ணுவானேன் என்று சிலர் வினவலாம். 2014 ஆம் ஆண்டிலே சீன நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்துக்கு இருமுறை வந்தது. 2023 யூன் மாதத்திலே இந்தியாவின் 'வாகிர்' வந்து சென்றது. நமக்கு நீர்மூழ்கி இல்லை. ஆனால் நம் கடலுக்கு நீர்மூழ்கிகள் வருகின்றன. வருகின்ற கலத்துக்கு விபத்தும் வரக்கூடும் அன்றோ?

அமிழ்ந்த கலத்திலிருந்து தப்புதல் எத்துணை அரிது என்பதைக் குளத்து நீரை நம்பி வாழும் கமக்காரர் எளிதில் உணர்வர். இரணைமடு நிரம்பி நிற்கையில் துருசின் கதவை நீர் எவ்வாறு அழுத்துகின்றது! கடலிலோ 10 மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். உள்ளிருந்து எத்தனை பேர் தள்ளினும் கதவு திறவாது. ஆதலின் தப்பும் அறையினுள் மனிதனை நிறுத்தி, அவ்வறையில் நீரை விட்டு, உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஒன்றான பின்னரே கதவைத் திறத்தல் கூடும். மேலே செல்கையில் மூச்சை அடக்கினால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். இதற்கென ஆக்கப்பட்ட உடையணிந்தாலும் ஏறத்தாழ 180 மீற்றரே எல்லை. அதற்கும் கீழே கிடப்போருக்கு மேலிருந்து வரும் மீட்புக் கலமன்றி வேறு கதியில்லை.

தப்பி மேலே வந்தாலும் போதாது. 1950 சனவரி 12 ஆம் நாள் இரவு, தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தில் 'துருக்குலன்ற்' என்னும் பிரித்தானிய நீர்மூழ்கி சுவீடன் நாட்டு எண்ணெய்க் கப்பலோடு மோதி மூழ்கியது. பெரும்பாலோர் கலத்தை விட்டு வெளியேறிவிட்டனர். ஆனால் அவர்களை ஏற்க மேலே ஒருவருமில்லை. குளிரும் நீரோட்டமும் அவர்களைக் கொன்றன. மாண்டோர் 64 பேர். மாறாக, 1939 மே மாதத்தில் அமெரிக்காவின் 'ஸ்குவாலஸ்' 73 மீற்றர் ஆழத்தில் கிடந்தபோது, மீட்பு மணிக்கூண்டு காலத்தில் வந்தமையால் 33 பேர் உயிர்பெற்றனர்.

உயிரைக் காப்பது பொறி மட்டுமன்று; அரசின் மனப்பாங்குமாகும். 2000 ஆகஸ்டில் ருசியாவின் 'கூர்ஸ்க்' 118 பேரோடு 108 மீற்றர் ஆழத்தில் வீழ்ந்தது. வெடிப்புக்குப் பின்னரும் 23 பேர் சில மணி நேரம் உயிரோடிருந்தனர். அயலார் நீட்டிய கையை ஏற்க மாஸ்கோ நாட்களைக் கழித்தது. ஐந்தாண்டுகளின் பின், 2005 ஆகஸ்டில், கம்சாத்கா அருகே ருசியச் சிறு கலமொன்று வலைகளிலும் வடங்களிலும் சிக்கியது. இம்முறை உடனே உதவி கோரினர். பிரித்தானியப் பொறி வடங்களை அறுத்தது, எழுவரும் பிழைத்தனர். முன்னது கௌரவத்தின் விலை. பின்னது அடக்கத்தின் பயன்.

வலை என்றதும் நம் முல்லைத்தீவு மீனவரே நினைவுக்கு வருகின்றனர். 1990 நவம்பரில் ஸ்கொத்துலாந்துக்கு அப்பால் 'அன்ராரெஸ்' என்னும் மீன்பிடிப் படகின் வலையிலே பிரித்தானிய நீர்மூழ்கி சிக்கிப் படகை இழுத்து அமிழ்த்தியது, நால்வர் மாண்டனர். 2024 நவம்பர் 21 ஆம் நாள் கோவாவுக்கு அப்பால் 'மார்த்தோமா' என்னும் படகு இந்திய நீர்மூழ்கியோடு மோதியது. 13 பேரில் 11 பேரே மீட்கப்பட்டனர். கீழே செல்வது என்னவென்று அறியாத ஏழையின் உயிரும் இதில் அடங்கியிருக்கின்றது.

மறைந்து திரிவதே நீர்மூழ்கியின் இயல்பு. அதன் வழியை அறிவித்தல் எங்ஙனம் என்பர். போர் இரகசியத்தை எவரும் கேட்கவில்லை. பிரித்தானியாவிலே நீர்மூழ்கிகள் பயிற்சி செய்யும் பகுதிகளை வானொலி வாயிலாக மீனவர்க்கு அறிவிக்கும் ஏற்பாடு உண்டு. அங்கு இயல்வது இங்கு ஏன் இயலாது?

நாம் கேட்பன மூன்றே. நம் கடலில் நீர்மூழ்கிப் பயிற்சி நிகழுமாயின், அதன் இடமும் நாளும் மீனவர்க்குத் தமிழிலே முன்கூட்டி அறிவிக்கப்படல் வேண்டும். தமிழும் அரசகரும மொழி என 1987 இல் அரசியலமைப்பில் எழுதிய நாடு இதனைச் சலுகையாகக் கருதலாகாது. இரண்டாவது, விபத்து நேரின் விசாகபட்டினத்தின் மீட்புக் கலத்தை அந்நாழிகையே அழைப்பதற்கு எழுத்திலமைந்த உடன்பாடு வேண்டும். அத்தகையது இருப்பின் அதனை மக்கள் அறியட்டும். மூன்றாவது, படகும் வலையும் உயிரும் இழந்தோர்க்கு ஈடு செய்யும் பொறுப்பு யாருடையதென்று இப்பொழுதே வரையறுக்கப்படல் வேண்டும்.

பொறுப்பு என்பது வெறுஞ் சொல்லன்று. 2014 பெப்புருவரி 26 ஆம் நாள் 'சிந்துரத்னா' நீர்மூழ்கியிற் புகை சூழ்ந்து இரு அதிகாரிகள் உயிரிழந்த விபத்தில், இந்தியக் கடற்படைத் தளபதி அட்மிரல் டி. கே. ஜோஷி அன்றே பதவி துறந்தார். அத்தகைய மனச்சான்றை நம் ஆட்சியாளரிடமும் எதிர்பார்ப்பது தவறாகாது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலை, சுமாத்திராவிற் பிறந்த அலை நம் கரையை அடையச் சில மணி நேரம் இருந்தது. எச்சரிக்கை மட்டும் வரவில்லை. அறிவித்தல் வராமையின் விலையை முல்லைத்தீவு அறியும். அதனாலேயே இன்று கேட்கின்றோம்: கடலுக்கு அடியிற் செல்வோரையும் மேலே வலை வீசுவோரையும் காக்கும் ஏற்பாட்டை, ஓர் உயிரேனும் போகுமுன் செய்யுங்கள்.