தெருவியாபாரிக்கான சட்டம் பெரும்பாக்கத்தையும் எட்டட்டும்

சென்னைக் கூவக்கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களுக்குப் புறநகர்ப் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது, பிழைப்பு கிடைக்கவில்லை. நகரத்து நடைபாதையில் பூவும் காயும் விற்றவர்கள் பலர் இங்கே புதிதாகத் தெருவைத் தேட வேண்டியிருந்தது.

அவர்களைப் போன்றோருக்காகவே நாடாளுமன்றம் 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை நிறைவேற்றியது. 2012-இல் வந்த மசோதா, மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. 2013 செப்டம்பரில் மக்களவையையும், 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையையும் கடந்தது. கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அகற்றக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கு என்பவை சாதாரண உரிமைகள் அல்ல. நிதானம் தந்த பலன் இது.

ஆனால் அச்சட்டம் பெயர் சொல்லும் உள்ளாட்சிகள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்றவையே. இக்குடும்பங்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்தபோது பெரும்பாக்கம் கிராம ஊராட்சி. நகரத்து ஏழையை எல்லை தாண்டி அனுப்பினால், அவருடைய சட்டப் பாதுகாப்பு பின்தங்கிவிடுகிறது. டெல்லியில் எழுதப்படும் ஒரு வரையறைக்கு இவ்வளவு வலிமை.

இப்படிப்பட்ட ஓட்டைகளைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் நிலைக்குழுதான். 2009–14 மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 2019–24-இல் வெறும் 16. குழுவுக்கே போகாத 2020 வேளாண் சட்டங்கள், மறு ஆண்டு விவாதமின்றியே திரும்பப் பெறப்பட்டன. இது ஆபத்தான வேகம்.

புறநகர் ஊராட்சிகளையும் சேர்க்கும் திருத்தத்தைத் தென்சென்னை மக்களவை உறுப்பினர் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவர வேண்டும். அது நிலைக்குழுவுக்குச் சென்றால், அக்குழு பெரும்பாக்கம் வியாபாரிகளை அழைத்துக் கேட்க வேண்டும்.